காதில் இருந்து வந்த சொல்

எங்கள் குடியிருப்பில் எனக்கு 'சைரன்' என்று பெயர். மில் சைரனாவது ஷிப்டுக்கு ஒரு தடவைதான் ஊதும், இவள் நேரங்காலம் இல்லாமல் ஊதுவாள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லி எல்லாரும் சிரித்ததாக என்னிடமே வந்து சொன்னார்கள். கட்டின புருஷனை இந்தக் கத்து கத்துகிறாளே, அந்த மனுஷன் திருப்பி ஒரு வார்த்தை பேசுகிறாரா பார், எப்பேர்ப்பட்ட பொறுமை என்று குழாயடியில் அவருக்குப் புகழ்மாலை வேறு. நான் குடத்தோடு போய் நின்றதும் பேச்சு நின்றுவிடும். அவர் நல்ல மனுஷன்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் கத்துவது எதுவும் அவர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை.

மீசை அரும்பும் வயதில் தறி ஷெட்டுக்குள் போனவர். ஒரு ஷெட் நிறையத் தறிகள் ஒன்றாக அடிக்கும்போது எழும் சத்தத்தை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆரம்பத்தில் தலை வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்பார்கள். பழகுவது என்று அவர்கள் சொன்னது காது போவதைத்தான். முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு குழாய் சொட்டுவது, கதவு தட்டுவது, மகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் போயின. கொஞ்ச காலம் நான் கத்தினால் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது, என் வாய்தான் பழகிப்போய் நிற்கவில்லை.

மில்லில் இது யாருக்கும் தெரியாமல் போனதற்கு மில்லே காரணம். அந்தச் சத்தத்தில் காது கேட்பவனும் கேட்காதவனும் ஒன்றுதான். எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். குரலே எழாமல், வாயை நன்றாகத் திறந்து மூடி, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருத்தன் போனஸைப் பற்றிக் கேட்பான், இன்னொருத்தன் தன் மாமியாரைத் திட்டுவான். நானும் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் ஒப்பந்தக் கூலிதான், எனக்கும் அந்தப் பேச்சு வரும். வருஷம் ஒரு தடவை மில் டாக்டர் ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து, "காது நல்லா கேக்குதா?" என்று கேட்பார். இவர் டாக்டரின் உதட்டைப் பார்த்து, "நல்லா கேக்குதுங்க" என்பார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

காது போனது தெரிந்தால் மில் 'அன்ஃபிட்' என்று சொல்லி அனுப்பிவிடும். வேலையோடு வீடும் போய்விடும், ஏனென்றால் இது வேலைக்குக் கொடுத்த வீடு. ஒப்பந்தக் கூலிகளுக்கு வீடு கிடையாது. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், லீவுக்கு வந்து தட்ட அவளுக்கு ஒரு கதவு வேண்டும். அதனால்தான் நான் பொல்லாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு கமுக்கமாக இருந்தேன். அவருக்குக் காது கேட்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் அன்றைக்கே சுத்தமாகியிருக்கும். சொல்ல முடியுமா?

காது போனவர்களுக்கு வரும் பழக்கம் ஒன்று அவருக்கும் வந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவார். "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எதிராளி முகம் சுளிக்கிறான், பிறகு சந்தேகப்படுகிறான். தலையாட்டிவிட்டால் வம்பில்லை. கடைக்காரர், பஸ் கண்டக்டர், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் ஆட்டியிருக்கிறார். ஒரு தடவை சாவு சொல்ல வந்தவரிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அவருக்கு அதிர்ச்சியில் இப்படி ஆகும் என்று எதையோ உளறிச் சமாளித்தேன்.

போன வருஷம் அவரைத் தறியிலிருந்து உருளை மிஷினுக்கு மாற்றினார்கள். நெய்த துணியை இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே விட்டு மொடமொடப்பாக்குகிற மிஷின் அது. ஷெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கம்பிவலைதான், சத்தம் அதே சத்தம். துணியை உள்ளே விடும் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும், மறுபக்கம் வாங்குவதற்கு இவர். உள்ளே விடும் பக்கம் நின்றவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர். வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தத்தில் அவன் குரலை ஒருத்தரும் கேட்டதில்லை, வாயசைவை மட்டும் பார்த்துவிட்டு நல்ல குரல் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். மிஷினை நிறுத்த இரண்டு பக்கமும் ஸ்விட்ச் உண்டு. பாட்டுக்காரன் பக்கத்து ஸ்விட்ச் கெட்டுப்போய் மாதக்கணக்கில் கிடந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தான், சாமான் வரவில்லை என்றார்கள்.

தூசுக்காகச் சங்கம் சண்டை போட்டு எல்லாருக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்திருந்தது. தொழிலாளிகள் ஒருத்தரும் போடவில்லை. வாயை மூடிக்கொண்டு எப்படிப் பேசுவது? புதிதாக வந்த சூப்பர்வைசர் மட்டும் கண்ணுக்குக் கீழே எதுவும் தெரியாதபடி போட்டுக்கொண்டு வருவார். அவர் கிட்டே வந்து கத்தினால் மற்றவர்களுக்குக் கொஞ்சமாவது கேட்கும், இவருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலத் தலையாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் துணியில் ஒரு மடிப்பு விழுந்தது. மிஷினை நிறுத்திவிட்டுத்தான் மடிப்பை நீவ வேண்டும் என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நிறுத்தினால் உற்பத்தி குறைகிறது என்று திட்டுவதும் அவர்கள்தான், அதனால் ஓடும்போதே உள்ளங்கையால் நீவிவிடுவது எல்லாருக்கும் வழக்கம். பாட்டுக்காரன் நீவினான். கை துணியோடு உள்ளே போயிற்று. பக்கத்திலிருந்த ஸ்விட்சை இடது கையால் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறான். அலறியிருக்கிறான். நடுவில் மிஷின் மறைத்ததால் அவன் முகம் இவருக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து இவர் முன்னால் நின்று, முகமூடிக்குள்ளிருந்து "நிறுத்து" என்று கத்தினார். வேகம் பத்தவில்லை என்று திட்டுகிறார் போல என்று நினைத்து, இவர் சரிங்க சார் என்பதுபோல ஒரு தடவை தலையாட்டிவிட்டுத் துணியின் பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசர் இவரைத் தள்ளிவிட்டு ஸ்விட்சை அழுத்துவதற்குள், பாட்டுக்காரனின் வலது கையில் கட்டைவிரல் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

"கத்தினானாம்" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எதையும் ஒரே சீராக, சந்தையில் பேசுவதுபோல உரக்கத்தான் சொல்வார். "தறிச் சத்தத்தையும் மீறி அந்த மூலைத் தறிக்காரனுக்கே கேட்டுச்சாம். நான் அவன் பக்கத்துல நிக்கிறேன்."

பாட்டுக்காரனை நினைத்து அழுதேன், இவரை நினைத்து அழுதேன், ஊரே நம்மைத் தூற்றப்போகிறது என்று நினைத்தும் கொஞ்சம் அழுதேன். பொய் சொல்வானேன்.

பாட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மில்லிலிருந்து இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் வந்தது. என் தம்பியைக் கூப்பிட்டு விட்டேன். அவன் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்தால் அதன் ஏழு தலைமுறையையும் தோண்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். அவன் பெண்டாட்டி எப்படிக் குப்பை கொட்டுகிறாளோ. அவரும் நானும் எதிரில் உட்கார, அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி நிதானமாகப் படித்தான்.

"வில்ஃபுல் டிஸ்ஒபீடியன்ஸ்னு போட்டிருக்காங்க மாமா. வேணும்னே கீழ்ப்படியலையாம். நிறுத்துன்னு சொன்னதுக்குத் தலையாட்டிட்டு நிறுத்தாம இருந்தீங்களாம்."

ஒபீடியண்ட் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வார்த்தைதான். மகளின் பள்ளி ரிப்போர்ட்டில் வருஷா வருஷம் அதைத்தான் எழுதுவார்கள். கணக்கில் கோட்டைவிட்டாலும் இந்த ஒரு வார்த்தையைக் காட்டித் தப்பித்துக்கொள்வாள். நல்ல பிள்ளை என்று எழுத வைத்திருந்த வார்த்தைக்கு முன்னால் ஏதோ ஒன்றை ஒட்டி இவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, இந்த ஒபே இருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?" என்றான் தம்பி.

"எங்கேர்ந்து வந்தா என்ன. வீடு தேடி வந்துருச்சில்ல."

"இரு, சொல்றேன். லத்தீன்ல கேக்குறதுங்கற சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கமான்னு ஒரு ஒட்டு. பேசுறவங்க பக்கமா காதைக் குடுக்கறது, அவ்வளவுதான் அதோட அர்த்தம். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பிரெஞ்சு வழியா சுத்தி வந்ததுல உருவம் மாறிப்போச்சு. உள்ள ஒரு காது இருக்கறது வெளிய தெரியல."

"உங்க மாமாவுக்கு நேர் எதிரு. அவருக்கு வெளிய மட்டும்தான் இருக்கு."

உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் லேசாகச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதே சொல் வேறு வழியாகப் போய் ஒபெய்ஸன்ஸ் என்று ஆகி, குனிந்து வணங்குவதற்குப் பெயராகிவிட்டதாம். முதலில் காதைக் கேட்டார்கள், பிறகு முதுகையும் கேட்டார்கள் என்றான். அந்தக் காலத்துப் பெரிய அதிகாரிகள்கூடக் கடிதத்தின் முடிவில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று இதே வார்த்தையைப் போட்டுத்தான் கையெழுத்திடுவார்களாம், ஆளை வேலையைவிட்டு நீக்குகிற கடிதமாக இருந்தாலும். கிரேக்கத்திலும் ஜெர்மனிலும்கூடக் கீழ்ப்படிதல் என்ற சொல் காதால் கேட்பதிலிருந்துதான் பிறந்திருக்கிறதாம். நாமும் பிள்ளைகளை, சொன்ன பேச்சைக் கேள் என்றுதானே அதட்டுகிறோம் என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. உலகத்தில் உத்தரவு போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது. தன் வாயிலிருந்து வந்தால் அது அடுத்தவன் காதில் விழுந்ததாகவே கணக்கு, காதில் விழுந்தால் காரியம் நடந்தாக வேண்டும். இடையில் அந்தக் காது என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தக் காதைத் தின்றதே அவர்களுடைய தறிதான்.

"அதனால மாமா, நான் பதில் எழுதறேன்" என்றான் தம்பி. "கேக்க முடியாதவர் மேல கீழ்ப்படியலைன்னு குத்தம் சுமத்த முடியாது. அந்தச் சொல்லே நமக்கு சாட்சி. இவ்வளவு வருஷம் உங்க ஷெட்ல வேலை செஞ்சுதான் காது போச்சுன்னும் எழுதலாம்."

"வேணாம் மாப்ள" என்றார் அவர்.

"ஏன்?"

"அன்ஃபிட்டுன்னு அனுப்பிடுவான்."

சூப்பர்வைசர் ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். விசாரணையில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்னத் தண்டனையோடு முடித்துவிடலாம், திரும்ப வேலைக்கு வந்துவிடலாம் என்று. அவர்களுக்கு இவர் மேல் என்ன கரிசனம்? இவர் கேட்டும் நிறுத்தவில்லை என்று ஆகிவிட்டால், பாட்டுக்காரன் பக்கத்து ஸ்விட்ச் ஏன் வேலை செய்யவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. பாட்டுக்காரனோ அந்த ஸ்விட்சைத்தான் நம்பியிருந்தான். மில்லின் தப்பு என்று நிரூபித்தால் நஷ்டஈடும் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையும் வாங்கித் தரலாம், வீடும் தங்கும் என்று சங்கம் அவனிடம் சொல்லியிருந்தது.

இதை நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துச் சொன்னேன். "கேட்டுச்சுன்னு நீங்க சொன்னா அவன் பிழைப்புல மண்ணு விழும். காது கேக்கலன்னு சொல்லிடுங்க. வீடு போனா போகட்டும், எங்கயாவது ஒண்டிக்கலாம்."

"நம்ம புள்ள படிப்பு?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அவன் கேஸை சங்கம் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் முடியும். அவர் முகத்தைத் திருப்பிவிட்டால் அதற்கப்புறம் நான் பேசுவது எனக்கும் சுவருக்கும்தான். விசாரணை நாள் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். உண்மையைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் நம்பினேன்.

விசாரணைக்குத் துணையாக ஒரு தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. இவர் என்னைக் கேட்டார். "சைரனையே கூட்டிட்டு வந்துட்டாரு" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அன்றைக்கு அவர் முகமூடி போட்டிருக்கவில்லை, முதல்முறையாக அவர் வாயைப் பார்த்தேன். விசாரணை செய்ய மில் ஒரு வக்கீலை நியமித்திருந்தது. அடர்த்தியான மீசை, குனிந்த தலை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் உதட்டிலிருந்து இவரால் ஒன்றும் பிடிக்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நான் சத்தமில்லாமல் இவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

"என்னம்மா வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க?"

"பயந்த சுபாவங்க. நான் எடுத்துச் சொன்னாத்தான் பதில் வரும்."

பாட்டுக்காரன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப்போல வைத்திருந்தான். அவன் தன் முறை வந்தபோது ஸ்விட்சைப் பற்றிச் சொன்னான். மாதக்கணக்காகக் கெட்டுக்கிடந்தது, சொல்லியும் சரி செய்யவில்லை, அது வேலை செய்திருந்தால் என் கை இருந்திருக்கும் என்றான். வக்கீல், அதைப் பிறகு பார்ப்போம் என்றார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார், காகிதத்தை விட்டுத் தலையை எடுக்காமலே.

"சூப்பர்வைசர் நிறுத்துன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

கேள்வியை அப்படியே கொடுத்தேன். கூடவே, உண்மையச் சொல்லுங்க என்றும் உதட்டில் சேர்த்தேன். அவர் என் வாயை விட்டுக் கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார்.

"கேட்டுச்சுங்க" என்றார். அந்தச் சின்ன அறைக்கு அது ரொம்பப் பெரிய குரல்.

சூப்பர்வைசர் சாய்ந்து உட்கார்ந்தார். வக்கீல் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, சும்மா விட்டிருக்கலாம், விடாமல் அடுத்ததைக் கேட்டார். "இவர் அந்தப் பக்கம் அலறினது? அதுவும் கேட்டுச்சா?"

என் உதடு திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? பாட்டுக்காரன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் எல்லாரும் இவரைத்தான் பார்த்தார்கள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதிலிருந்து ஏதோ ஒரு கேள்வி வந்திருக்கிறது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார், அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே, கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் ஆட்டுவதைப்போலவே, வக்கீலுக்கும் தலையாட்டினார்.

நான் எழுந்து, அவருக்குக் கேள்வி புரியவில்லை என்றேன். "தலையாட்டினாரே, நாங்கல்லாம் பாத்தோமே" என்றார் வக்கீல். வேறென்ன சொல்வது? காது கேட்காது என்று சொன்னால், கேட்டது என்று அவர் சொன்னது பொய்யாகி வேலை, வீடு இரண்டும் போய்விடும். உட்கார்ந்துவிட்டேன். பாட்டுக்காரன் எழுந்து கட்டுக்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் என்னைக் கேட்டார். "கடைசியில என்ன கேட்டாரு?"

சொன்னேன். தெருவில் நின்றுவிட்டார். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து, அடித்துப் பார்த்து, திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

சொன்னபடியே சின்னத் தண்டனைதான் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் சஸ்பெண்ட், ஒரு மன்னிப்புக் கடிதம். கடிதத்தையும் அவர்களே இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்கள். இனி ஒபீடியண்ட்டாக நடந்துகொள்வேன் என்று அதில் இருப்பதாகத் தம்பி படித்துச் சொன்னான். இந்தத் தடவை அந்த வார்த்தையைப் பற்றி அவன் எதுவும் விளக்கவில்லை. இவர் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குத் திரும்பிப் போன அன்று ஷெட்டில் ஒருத்தரும் இவரைத் திட்டவில்லை. அடிக்கப்போகிறார்கள் என்று பயந்திருந்தேன், அதுவும் இல்லை. அங்கே ஒருவனை ஒதுக்க முகத்தைத் திருப்பினால் போதும். இவர் வரும்போது பேச்சு நிற்கும், முதுகுகள் திரும்பும். சிலர் வருஷக்கணக்கில் தொடாத முகமூடிகளைத் தேடி எடுத்து, இவர் பக்கத்தில் வரும்போது மட்டும் மாட்டிக்கொண்டார்கள். நூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கம்பிவலை வழியாகப் பார்ப்பேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பார், கிடைக்காது. அவர்களுக்கு அது ஒரு நண்பனோடு பேசாமல் இருப்பது. இவருக்கு உலகத்தையே இழுத்து மூடியது. அது அவர்களுக்குத் தெரியாது.

குழாயடியிலும் பேச்சு மாறியிருந்தது. என் குடத்தை முன்னால் வைக்க இடம் விட்டார்கள். இந்த நெஞ்சழுத்தக்காரனோடு இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினாயோ, நீ கத்தினதில் தப்பே இல்லை என்று எதிர்வீட்டுக்காரி என் தோளைத் தொட்டாள். அவள் கையைத் தட்டிவிட்டுக் காலிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

மில் விடுமுறை அன்று பாட்டுக்காரன் வீட்டுக்குப் போனேன். எங்களுடையதைப் போலவே ஒற்றை அறையும் ஒரு தடுப்பும் கொண்ட வீடுதான், இரண்டு வரிசை தள்ளி. இவர் சொன்ன சாட்சியோடு அவன் கேஸ் நிற்காமல் போய், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த படங்களைக் கழற்றியிருந்தார்கள், அவை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அவன் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அவருக்குக் காது கேக்காது தம்பி" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும் அண்ணி" என்றான். "என்கூட ஜோடி சேந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துலயே கம்பி விழுந்து சத்தம் வந்தாலும் திரும்ப மாட்டாரு. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அவன் கட்டைவிரலால் பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கை போனப்பகூட, அண்ணனுக்குக் கேட்டிருக்காதுன்னுதான் இருந்தேன். சூப்பர்வைசர் சொன்னது கேட்டுச்சுன்னு சொன்னாரு, சரி, வேலைக்காகச் சொல்றாருன்னு நினைச்சேன். ஆனா நான் அலறினது கேட்டுச்சான்னு கேட்டப்ப தலையாட்டினாரே, அண்ணி. அதுக்கப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கொஞ்சம் கேக்குமோ? கேட்டுக்கிட்டே நின்னாரோ? அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கிறேன்."

"கேள்வியை நான் அவருக்குச் சொல்லவே இல்லப்பா. சும்மா ஆட்டின தலை அது."

"நீங்க சொல்வீங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பாட்டுக்காரன் பெட்டியின் மேல் சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் பேசக் கூடாது என்பதுபோல இடது கையை உயர்த்திக் காட்டினான். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணே, நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் வாசலுக்குப் பக்கத்தில் நின்று அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டின சாக்குகளைப் பார்த்தார், வெறும் சுவரைப் பார்த்தார், பாட்டுக்காரனின் பிடரியைப் பார்த்தார். பாட்டுக்காரன் இன்னும் உரக்கக் கேட்டான். பின்பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி எட்டிப்பார்த்தாள். மூன்றாவது தடவை அவன் தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே, அதன் நடுவிலேயே, அவர் என் பக்கம் திரும்பித் தன் சந்தைக் குரலில் சொன்னார். "இவனும் பேச மாட்டேங்கிறான். வா, போலாம்."

பாட்டுக்காரன் வாயை மூடினான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. பிறகு திரும்பினான். முகம் முழுக்க ஈரம். அதைத் துடைக்காமல், ஷெட்டில் பேசுவதைப்போலக் குரலில்லாமல், வாயை நன்றாகத் திறந்து மூடிக் கேட்டான்.

"ஏண்ணே கேட்டுச்சுன்னு சொன்னீங்க?"

வேலைக்குத் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்த முதல் முகம் அது. அவரும் குரலில்லாமல், உதட்டால்தான் பதில் சொன்னார்.

"வீட்டுக்காக."

பாட்டுக்காரன் கோபப்படவில்லை. அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தான், கட்டின சாக்குகள், கழற்றின படங்கள், தடுப்பை ஒட்டி நின்ற பெண்டாட்டி.

"எனக்கும் வீடு இருந்துச்சுண்ணே" என்றான்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.